படம் வராவிட்டால்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "படம் வரலேன்னா அங்க என்ன வரணும்னு கேக்கறா."

"யாருடி கேக்கறா?"

"இன்டர்நெட்லயே ஒரு காலேஜ்ல வெப் பேஜ் பண்ணக் கத்துக்கறேனே, அவாதான். எங்காத்துல எடுத்த என் போட்டோவை அந்தப் பேஜ்ல போட்டேன். லைன் மெதுவா இருந்தா படம் தெரியாதாம். பதிலா ரெண்டு வார்த்தை எழுதி வைக்கணும்."

"என்ன எழுதினே?"

"'நான்'னு எழுதினேன். உன்னைத் தெரியாதவாளுக்கு எப்படிப் புரியும், படத்துல இருக்கறதை எழுதுன்னு திருப்பி அனுப்பிட்டா."

"அப்புறம்?"

பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"'சாப்பாட்டு மேஜை, நாலு நாற்காலி, ஒரு பெண்'னு எழுதினேன். முழு மார்க் போட்டுட்டா."