உக்காந்தா முப்பத்தஞ்சு இறங்கணும்

இல்ல தம்பி, பைக்ல முன்னாடி ஃபோர்க்குல கை வைக்காதீங்க. அங்க ஒண்ணும் இல்ல. ஆயில் மாத்தி ரெண்டு மாசம் ஆகல, சீல் புதுசு, ஹேண்டில் கழுத்து பேரிங்கும் புதுசு. வர்றவங்க எல்லாரும் முதல்ல அங்கதான் போறாங்க. நான் பின்னாடின்னு சொல்றேன், நீங்க முன்னாடி குனியிறீங்க. பின்னாடி பாருங்க. அந்த ஷாக் அப்சார்பர், அதுக்குள்ளதான் ஏதோ பூதம் உக்காந்திருக்கு.

என்ன பண்ணுதுன்னா... எங்க வீட்டுக்கு வர்ற வழியில ஒரு பெரிய வளைவு இருக்கு. ரோடு முழுக்க ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கெடக்கும். பதினெட்டு வருஷமா அதுல போறேன். வண்டியச் சாய்ச்சா கோடு போட்ட மாதிரி போகும், கையில ஒரு அதிர்வு இருக்காது. இப்ப சாய்க்கவே விட மாட்டேங்குது. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு உதை. பின் டயர் தத்தித் தத்திப் போகுது, வண்டி வெளியப் பக்கமா இழுத்துட்டு ஓடுது. போன மாசம் ரோட்ட விட்டே எறங்கி ஜல்லியில போய் நின்னுட்டேன்.

சேச்சே, விழல. விழுந்திருந்தாக்கூட பரவால்ல. எங்க வீட்டு மொட்டமாடியில நின்னா அந்த வளைவு நல்லாத் தெரியும். வீட்டம்மா துணி காயப்போட்டுக்கிட்டே முழுசாப் பார்த்துட்டாங்க. அவ்ளோதான். இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வண்டி வீட்ல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. இன்னைக்குத் தேதி இருபத்தாறு. அதான் உங்ககிட்ட ஓடி வந்திருக்கேன். நீங்கதான் கடைசி ஆளு.

ஆமா, மூணு பேர் பார்த்தாச்சு. ஏன் கேக்குறீங்க அந்தக் கொடுமைய! முதல் ஆளு ஃபோர்க் ஆயில்னாரு, மாத்தினேன். ரெண்டாவது ஆளு அதெல்லாம் சும்மா சார், பின் சக்கரத்தப் புடிச்சிருக்கிற கைக்குள்ள பேரிங் தேஞ்சிருக்குன்னாரு. அதையும் மாத்தினேன். மூணாவது ஆளு ஷாக்குல கேஸ் போயிடுச்சுன்னு அடைச்சுக் குடுத்தாரு. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் ஒத்துக்கவே மாட்டாங்களா? கடைசியில அந்த மூணாவது ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? சார், வண்டியில ஒண்ணும் இல்ல, நீங்க ஓட்டுறதுல பாருங்கன்னு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையில என்னையக் கொண்டுபோய் நிறுத்திட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஸ்பேனரத் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன். அவரோட ஸ்பேனர்தான்.

என் பேச்ச நம்பாதீங்க தம்பி, அளவ நம்புங்க. இந்தா நோட்டு. மாசாமாசம் முதல் ஞாயிறு, காலையில, காத்து சரியா அடிச்சுட்டு. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். ஆளில்லாம வண்டியத் தூக்கிப் புடிச்சு, பின் அச்சுல இருந்து சீட்டு வரைக்கும் ஒரு அளவு. அப்புறம் நான் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டி ஏறி உக்காந்து, முழங்கைய செவுத்துல லேசா முட்டுக் குடுத்து, ரெண்டு காலையும் மேல வச்சுக்குவேன். என் பொண்ணு கீழ உக்காந்து டேப் புடிப்பா. உக்காந்ததும் எவ்ளோ இறங்குதோ அதான் கணக்கு. முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் இறங்கணும். இறங்கிச்சு. வருஷக்கணக்கா முப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எப்பவாச்சும் முப்பத்து நாலு. இங்க பாருங்க, இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. முப்பத்து மூணு. அடுத்த மாசம் முப்பத்து ரெண்டு. முப்பது. இருபத்தொம்பது. இருபத்தெட்டு.

ஸ்பிரிங் இருபத்திரண்டு வருஷம் பழசு தம்பி, நான் வாங்குறப்பவே நாலு வருஷம் ஓடின வண்டி. வயசானா எதுவும் தளரும்பாங்க. இது மட்டும் வயசாக ஆக விறைச்சுக்கிட்டே போகுது! எந்த ஊரு நியாயம் இது? சரி, இது சனியன்னு இதே மாடல்ல வேற ஒருத்தர்கிட்ட இருந்து ஷாக் வாங்கி மாட்டினேன். அதுவும் இருபத்தெட்டுதான். அப்ப ரெண்டு ஸ்பிரிங்கும் பேசி வச்சுக்கிட்டு விறைக்குதா?

இன்னொரு கூத்து கேளுங்க. என் மச்சான், வீட்டம்மாவோட தம்பி, நல்லா வாட்டசாட்டமா இருப்பான். மாமா, குடுங்க நான் பாக்குறேன்னு ஏறிட்டுப் போனான். அதே வளைவுல போயிட்டு வந்து, மாமா, வெண்ணெ மாதிரி போகுது, நீங்க எதுக்கு இதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கீங்கன்றான். எனக்கு அவனை அடிக்கலாம்னு தோணுச்சு. என் பொண்ணு ஓட்டினா வேற கதை. அவ ஓட்டக் கத்துக்கிட்டதுல இருந்தே சொல்லுவா, அப்பா, இது மரப்பலகை மேல உக்காந்த மாதிரி இருக்குப்பான்னு. அது உனக்கு செட் பண்ணதில்லடா கண்ணு, அப்பாவுக்கு செட் பண்ணதுன்னு சிரிப்பேன். இப்ப எனக்கே பலகை ஆயிடுச்சு.

எடையா? எண்பத்தஞ்சு. எழுதிக்கங்க.

எண்பத்தஞ்சுதான். என்ன மேலயும் கீழயும் பாக்குறீங்க? ஜாக்கெட் என்னோடதுதான். பழசு, தோல் தொங்கிப் போச்சு. பெல்ட்டா... ஆமா, அது நானா போட்ட ஓட்டை, ஆணி வச்சு அடிச்சது. கொஞ்சம் எளைச்சிருக்கேன்தான். வீட்டம்மாகூட சொல்றாங்க, கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன மாதிரி ஆயிட்டீங்க, எல்லாம் இந்தப் பாழாப்போன வண்டிக் கவலைதான், சோறு எறங்க மாட்டேங்குது, இத வித்துத் தொலைச்சா தானா ஒடம்பு தேறும்னு. நானும் ஆமா ஆமான்னுட்டேன். அவங்களுக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும். வண்டியத் திட்டுனா வண்டி அழுவாது பாருங்க.

இருங்க, அத ஏன் கழட்டுறீங்க? நான் சொல்றத முழுசாக் கேளுங்க. இந்த மாசம் முதல் ஞாயிறும் அளந்தோம். இந்தத் தடவ நோட்டுல என்ன எழுதியிருக்கு? முப்பத்தஞ்சு. ஆமா, அடிச்சு எழுதல, அழகா எழுதியிருக்கா. நான் மேல உக்காந்திருக்கேன். அவ கீழ டேப்பப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கல. என்னடான்னேன். தல நிமிராமலேயே, முப்பத்தஞ்சுப்பா, சரியாயிடுச்சுன்னா. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. அப்படியே வண்டிய எடுத்துக்கிட்டு வளைவுக்குப் போனேன். போனா... அதே உதை. அதே தத்தல்.

அந்தக் கோவத்தோட மச்சான் வீட்டுக்குப் போயி, அவன்கிட்ட டேப்பக் குடுத்து, நீ அளடான்னு ஏறி உக்காந்தேன். இருபத்தேழுன்னான். திருப்பி அளடான்னேன். மாமா, எத்தனை தடவ அளந்தாலும் இருபத்தேழுதான் மாமான்னான்.

தப்பா அளந்திருப்பாளா? என் பொண்ணா? தம்பி, அவ வேலையே அளவெடுக்கிறதுதான். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற கம்பெனியில ஆறு வருஷமா இருக்கா. ஒரு மில்லிமீட்டர் கூடுனா கண்ணாடி சட்டத்துக்குள்ள போகாது, கொறஞ்சா கழண்டு விழும். அவ டேப்ப எட்டு மில்லிமீட்டர் தப்பாப் படிப்பாளா? அவ படிச்சது இருபத்தேழுதான். வாயில வந்ததுதான் முப்பத்தஞ்சு. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தா, அடுப்படியில அம்மாகூட நின்னு என்னமோ சத்தமா சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா. அவ அப்படிச் சத்தமா சிரிக்கிற ஆளே இல்ல. என்னப் பார்த்ததும், வளைவு எப்படிப்பா இருந்துச்சுன்னா. சூப்பர்டா கண்ணுன்னேன்.

என்ன தம்பி அது? எடை மெஷினா? அது எதுக்கு? வேணாம், உள்ள வைங்க. ஏற மாட்டேன். சொல்றேன்ல, ஏற மாட்டேன்.

நீங்க நல்ல மெக்கானிக் தம்பி. மூணு பேரும் வண்டியத்தான் குடைஞ்சாங்க. ஒருத்தருக்கும் மேல உக்காந்திருக்கிறவனப் பாக்கணும்னு தோணல. எனக்கு மட்டும் தெரியாதா என்ன? பதினெட்டு வருஷமா இத அளக்குறவன் நான். ஸ்பிரிங் ஏறி உக்காந்த பாரத்துக்குத்தான் இறங்கும். பாரம் கொறஞ்சா அது என்ன பண்ணும், பாவம்.

அறுபத்தொண்ணு. நேத்து டாக்டர் மெஷின்ல ஏறிப் பார்த்தது. ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. அவங்க மெக்கானிக்குங்க மாதிரி இல்ல தம்பி, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. எத்தனை மாசம்ன்றதுலகூட ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. நான் ஒருத்தராவது மாத்திச் சொல்ல மாட்டாரான்னு பார்த்தேன்.

சரி விடுங்க, அதுக்கு ஏன் நீங்க தலையக் குனியிறீங்க. நம்ம வேலையப் பாப்போம். அந்த எண்பத்தஞ்ச அடிச்சிருங்க. இல்ல, அறுபத்தொண்ணும் வேணாம். அது நிக்கிற நம்பர் இல்ல. இன்னைக்கு அதுக்கு செட் பண்ணிக் குடுத்தீங்கன்னா அடுத்த மாசமே திரும்ப வரணும். ஐம்பத்தாறுன்னு போடுங்க. ஸ்பிரிங்கயும் மாத்திருங்க, மெலிசா ஒண்ணு போடணும்.

என் பொண்ணு எடை தம்பி. அவளுக்கு ஒரு நாளாவது இது பலகையா இல்லாம இருக்கட்டுமே. ஆயில்ல இருந்து எல்லாம் அவளுக்குத் தகுந்த மாதிரி வைங்க. கால் சரியா எட்டாது அவளுக்கு, சீட்டக் கொஞ்சம் எறக்க முடியுதான்னும் பாருங்க.

இந்தாங்க சாவி. நான் பஸ்ஸுல போயிக்கிறேன். சனிக்கிழமை அவளையே வந்து எடுத்துக்கச் சொல்றேன், அவள உக்கார வச்சே அளந்துக்கங்க. டேப்ப மட்டும் அவ கையில குடுத்துராதீங்க.