சுடு முட்டை

ராசிபுரத்தில் பஸ் நின்றதும், முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் அவித்த கடலைக்காய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

“என் நாய் வாயில சுடு முட்டைய வெச்ச கையில நா எதும் வாங்க மாட்டேன்.”

“முட்டை திருடுற நாய்க்குக் கோழிப் பண்ணைக்காரங்க எல்லாரும் அதத்தானுங்க்கா பண்றாங்க. ஒருக்கா வாய் வெந்தா அப்பறம் தொடாது.”

“திருடுச்சா? ஒடைக்காம கவ்விக் கொண்டாரச் சொல்லி நாந்தான்டா பழக்குனேன். மொதல்ல பந்து, அப்பறம் எலுமிச்சம்பழம், கடைசியாத்தான் முட்டை. ரெண்டு மாசம், ஒரு அடி இல்ல. அதுக்கு அது வெளையாட்டு.”

“எனக்கெப்படிங்க்கா தெரியும்?”

“கவ்வுன முட்டையோட வாலாட்டிக்கிட்டு உங்கிட்டயே வந்துருக்குது. திருடுன நாய் அப்படி வருமாடா?”

தம்பி நீட்டிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து நாய் வளக்கறேன். எங்கையப் பாத்து ஒண்ணும் பயந்ததில்ல. இப்ப இது பிஸ்கட்ட நீட்டுனாலே கட்டிலுக்கடியில பூந்துக்குது.”

அவர் பொட்டலத்தை இருவருக்கும் நடுவே சீட்டில் வைத்தார்.

“கையில வாங்க வேண்டாம். நீங்களே எடுத்துக்குங்க்கா.”

“அதுக்கும் இப்ப இப்படித்தான். கீழ வெச்சுட்டு நா தள்ளிப் போனாத்தான் திங்குது.”

நாமக்கல் வரும்வரை பொட்டலம் அங்கேயே இருந்தது.