காற்றில் வந்த கறையைக் கண்டறிந்த அய்யாக்குட்டி அண்ணாச்சிக்கு

துறைமுகத்து உப்புக் காற்று ஊரிலுள்ள இரும்பையெல்லாம் தின்று தீர்த்தபோதும், தம் பொறுப்பிலிருந்த ஓர் ஆணியைக்கூட அதற்கு விட்டுக்கொடாத அச்சியந்திரக் காவலரே! விலை பேசும் வீதியில் வேலையைப் பேசவிட்ட வித்தகரே! கடலொளி அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயந்திரம் பேணி, இன்று இளைப்பாறச் செல்லும் பெருமதிப்பிற்குரிய அய்யாக்குட்டி அண்ணாச்சி அவர்களே! உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து உரைக்கும் வணக்கம்.

விடைபெறுவோர் அனைவரையும் பொறுமையின் சிகரம் என்று புகழ்வது வழக்கம். உங்களை அவ்வாறு புகழ்ந்தால் நம் ஊர் வியாபாரிகள் சரக்கைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். வெற்றிலை வாயோடு இயந்திரத்தருகே வந்தவர் எவரும் உங்கள் ஏச்சுக்குத் தப்பியதில்லை. ஆயினும் ஒருவர் பிழைப்புக்குக் கேடு வந்தபோது நீங்கள் காட்டிய நிதானத்தை நாங்கள் மறக்கவில்லை.

ஈராண்டுக்கு முன், காற்றாலே தாளை ஊதிப் பிரித்து உறிஞ்சி எடுத்துக் கொடுக்கும் புது இயந்திரம் சென்னையிலிருந்து வந்தது. மறுமாதமே கொழும்புச் சரக்குச் சீட்டுகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. தாளில் மிளகளவு எண்ணெய்ப் பொட்டுகள்; அவற்றின்மேல் பேனா மை பிடிக்காமல் கப்பல் தலைவரின் கையெழுத்து பாதியில் நின்றது. தாள் கிடைப்பதே அரிதான காலம். தாள் அடுக்கும் ஜேசுபாதத்தின் கைகள்மீது பழி விழுந்தது. நான்கு பிள்ளைகளின் தகப்பனான அவர் கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தோல் உரிந்த பின்னும் தாளில் பொட்டு விழுவது நிற்கவில்லை. சனிக்கிழமையோடு நின்றுகொள்ளுமாறு நம் மக்தூம் முதலாளி அவர்கள் சொல்லிவிட்டார்கள். "என் கையை மோந்து பாருங்க அண்ணாச்சி. இதுக்கு மேல கழுவ எனக்குத் தோல் இல்ல" என்று ஜேசுபாதம் உங்களிடம் வந்து நின்றார்.

நீங்கள் கையை மோந்து பார்க்கவில்லை. இயந்திரத்துக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்பிரசரிலிருந்து வரும் குழாயைக் கழற்றினீர்கள். முதலாளியை அழைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை அவர்கள் கையாலேயே குழாய் முன் பிடிக்கச் செய்தீர்கள். ஜேசுபாதம் பத்தடி தள்ளி நின்றார். காற்று வந்தது; தாளில் பொட்டும் வந்தது.

எண்ணெய் காற்றோடு வருகிறது என்பது விளங்கிற்று. ஏன் வருகிறது என்பதும் உங்களுக்கு விளங்கியிருந்தது. அதைச் சொல்வதில்தான் சங்கடம். கம்பிரசர் ஓடிய முதல் நாள் முதலாளி தம் கையால் அதற்கு எண்ணெய் வார்த்தார்கள். அன்றே பெரிய ஆர்டர் வந்தது. அதுமுதல் கைராசி என்று நாள்தோறும் ஒரு கரண்டி வார்த்துவந்தார்கள். அளவுக் கோட்டைத் தாண்டிய எண்ணெய் வேறு வழியின்றிக் காற்றில் ஏறியது.

அப்போது நீங்கள் பேசியதை ஊர்ப் பெரிய தரகர்களும் கற்கலாம்: "முதலாளி, ராசி எண்ணெ வாக்குத கையில மட்டும் இல்ல, திறக்குத கையிலயும் உண்டு. நாளையில இருந்து காத்துத் தொட்டிக்கு அடியில இருக்க இந்தக் குழாய நீங்க வந்து திறந்து விடணும். அப்பறந்தான் நாங்க மிஷின ஓட்டுவோம்."

முதலாளி கையிலிருந்த தாளை மடித்து வைத்தார்கள். பிறகு எண்ணெய்க் கரண்டியை உங்களிடம் கொடுத்தார்கள். மிகுந்த எண்ணெயை நீங்கள் வடித்தீர்கள். குழாய்களைக் கழுவிக் கம்பளி வடிகட்டி பொருத்தினீர்கள். குழாய்க்குள் ஒட்டியிருந்தது தீர இரண்டு நாள் கழிவுத் தாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் தாள் தும்பைப்பூவாய் வந்தது. இன்றுவரை தொட்டியின் தண்ணீரையும் எண்ணெயையும் காலைதோறும் வெளியேற்றுபவர்கள் முதலாளி அவர்களே. இதை இங்கே சொல்ல அவர்களிடமே அனுமதி கேட்டோம். கரண்டிக் கணக்கைக் குறைத்து எழுதச் சொன்னார்கள், பேரம் படியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜேசுபாதம் கூலி வாங்கிச் சென்றார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். பிழையைத் திருத்தியவர் பலர் உண்டு. பிழை செய்தவர் தலைகுனியாமலும் பழி சுமந்தவர் பிழைப்பு கெடாமலும் திருத்தியவர் எங்களுக்குத் தெரிந்து நீங்கள் ஒருவரே.

அண்ணாச்சி அவர்களே! கண்ணொளி மங்காமல், கைகால் தளராமல், இல்லத்தார் சூழ நெடுநாள் நலமுடன் வாழ்வீர்களாக! அச்சகப் பக்கம் விருந்தினராக எப்போதும் வாருங்கள்; நாற்காலி போட்டுத் தேநீர் தருவோம். இயந்திரத்தை மட்டும் தொட வேண்டாம். உங்கள் இடத்துக்கு இன்று காலை முதலாளி அவர்கள், உங்களிடமே தொழில் பழகிய ஜேசுபாதத்தை நியமித்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி, 1949

அன்பு மாறாத,
கடலொளி அச்சகத் தொழிலாளர்கள்