மூடி போட்ட கிண்ணம்

தேநீர் இருக்கட்டும், ஃபாதர். ஆறினால் பரவாயில்லை. உல்லாசக் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தை நடத்துகிறவனைக் கேட்டால் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லுவான்: யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதில்தான் பாதிச் சாப்பாடு இருக்கிறது. மனைவியை இழந்தவரைக் கொண்டுபோய்ப் புதுமணத் தம்பதிக்கு எதிரே உட்கார வைத்தால், என்ன பரிமாறினாலும் அவருக்கு உப்பு குறைவாகத்தான் இருக்கும். காது மந்தமானவரைப் பியானோ பக்கம் விடக் கூடாது. சிங்கப்பூரில் பயணிகள் ஏறும்போதே ஒரு பார்வை பார்த்து, இன்னாருக்கு இன்ன மேஜை என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவேன். தலைமைப் பரிசாரகன் வேலையே அதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் மேஜைகளில் இதுவரை சண்டை வந்ததில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறானே, அவன்தான் அர்னெல். செத்துப்போன அந்த அம்மாவுக்காகச் சொல்கிறான். என்னை உள்ளே அனுப்பியதும் அவன்தான். "குயா, நேத்துலேர்ந்து நீ ஒரு வாய் சாப்பிடல. போய் ஃபாதர்கிட்ட மனசு விட்டுப் பேசு. என்னால உனக்கு வந்த சங்கடம் போதும்" என்று தோளைப் பிடித்துத் தள்ளினான். குயா என்றால் எங்களுக்கு அண்ணன். கூடப் பிறந்தவன் இல்லை, ஒரே ஊர், பிலிப்பைன்ஸில் பத்தாங்காஸ். அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான்தான் ஞானத்தகப்பனாக நின்றேன். கப்பல் வேலைக்கு அவனைக் கூட்டி வந்ததும் நான்தான். தட்டு எடுப்பதிலிருந்து, முட்டியை மடக்காமல் குனிவதுவரை எல்லாம் என்னிடம் கற்றது.

ஒன்றை மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பாட்டு. அது அவனோடு பிறந்தது.

கப்பலில் தினமும் யாருக்காவது பிறந்தநாள் வரும். கேக்கை எடுத்துக்கொண்டு பரிசாரகர்கள் எல்லாம் போய்க் கை தட்டிப் பாட வேண்டும். மற்றவர்கள் கடனே என்று பாடுவார்கள். அர்னெல் பாடினால் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். பயணத்தின் கடைசி நாளில் பயணிகளிடம் யார் நன்றாகக் கவனித்தார்கள் என்று கேட்பது வழக்கம். எல்லாரும் அவன் பெயரையே சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். வளர்த்தவன் இல்லையா. முதல் இரண்டு மூன்று வருடம் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தப் பயணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மேலாளர் லோபோ என்னைக் கூப்பிட்டார். கோவாக்காரர், நல்ல மனிதர், கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "ஃபிதேல், உனக்கும் வயசாகுதுப்பா. அடுத்த ஒப்பந்தத்துல நீ மேல பஃபேக்குப் போயிடு. நின்னுக்கிட்டே தட்டு எடுத்துக் குடுத்தாப் போதும். கீழ அர்னெல் பாத்துக்கட்டும். உன் பையன்தானே" என்றார்.

சரி என்று சொன்னேன். நன்றியும் சொன்னேன். மேல்தளத்து பஃபேயில் யாரும் யாரையும் உட்கார வைப்பதில்லை, ஃபாதர். ஈரத் துண்டோடு நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்து, கிடைத்த நாற்காலியில் உட்காருகிறார்கள். அங்கே என்னைப் போன்றவன் எதற்கு. இதை அர்னெலே வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். அவன் என்ன செய்தான் தெரியுமா, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "குயா இல்லாம நான் எப்படிச் சமாளிப்பேன்" என்றான். ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

மேடம் லாவ் ஈப்போவிலிருந்து தனியாக வந்திருந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, தனக்கு இறால் ஆகாது என்றார். கப்பலில் இதைச் சொல்கிறவர்கள் ஏராளம். இறால் ஆகாது, நண்டு ஆகாது என்று ஊரைக் கூட்டிவிட்டு, மறுநாள் மேல்தளத்தில் இறால் தட்டோடு நிற்பார்கள். தனியாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. இவரும் அந்த ரகம் என்று நான் நினைத்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

உங்களிடம் அதைச் சொல்ல முடியாது. அவர் அந்த ரகம் இல்லை. அன்றைக்கே கைப்பையைத் திறந்து, பேனா மாதிரி ஓர் ஊசி மருந்தை எடுத்துக் காட்டினார். "எனக்கு மூச்சு முட்டினா இத எடுத்துத் தொடையில அழுத்திடுங்க. மாணவர்கள்ட்ட எல்லாம் முன்னாடியே சொல்லி வச்சுருவேன். இங்க நீங்கதான் என் மாணவர்" என்று சிரித்தார். என்னிடம் மட்டும்தான் காட்டினார். கைப்பையை எப்போதும் நாற்காலி முதுகில்தான் மாட்டுவார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். இன்றைய சாப்பாடு முடியும்போதே நாளைய பட்டியலைக் கொண்டுபோய் அவரிடம் காட்டி, எது வேண்டும் என்று நான் கேட்டு வர வேண்டும். மறுநாள் அந்த உணவை நானே சமையல்கட்டில் பார்த்து, கிண்ணத்தில் எடுத்து, மூடி போட வேண்டும். அந்த மூடியைப் பரிசாரகன் விருந்தாளியின் கண்முன்னால்தான் திறக்க வேண்டும். வழியில் எங்கேயும் திறக்கக் கூடாது. அர்னெலுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

முதலில் அவரை ஜன்னலோர மேஜையில் வைத்திருந்தேன். பிறகு அர்னெலின் மேஜைக்கு மாற்றினேன். "மேடம், அந்தப் பக்கம் நல்லாப் பாடுவாங்க, உங்களுக்குப் பொழுது போகும்" என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அந்த மேஜையில் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. சொன்னேனே, இடம் பார்த்து உட்கார வைப்பதில் எனக்குக் கை ராசி உண்டு.

நேற்று பூக்கெட்டிலிருந்து கிளம்பியபின் இரவுச் சாப்பாட்டில் பூசணிக்காய் சூப். தேங்காய்ப் பால் விட்டு, இறாலை மசிய அரைத்துக் கலந்தது. மேடத்துக்கு இறால் போடாமல் சின்னப் பாத்திரத்தில் தனியாக வைத்திருந்தார்கள். அன்று பத்தியக்காரர் அவர் ஒருவர்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே கெட்டி. நான் பெரிய பாத்திரத்திலிருந்து மொண்டேன். பாதிக் கரண்டி போதும் என்றுதான் நினைத்தேன். பிறகு கிண்ணம் குறைவாகத் தெரிந்தால் சந்தேகம் வரும் என்று நிறைத்துவிட்டேன்.

உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும், மேடம் கோபப்படுவார், அர்னெலை ஒரு வருடத்துக்குப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். அவ்வளவுதான் என் எண்ணம். அதற்காக ஊசியைப் பற்றி நான் மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஃபாதர். உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறேன், மன்னிக்க வேண்டும்.

அர்னெல் கிண்ணங்களையெல்லாம் மேஜைக்குப் பக்கத்திலிருந்த பரிமாறும் மேடையில் இறக்கி வைத்த நேரம் பார்த்து, அடுத்த மேஜைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். "டேய், கேக் உருகுது, சீக்கிரம் வாடா. உன்னத்தான் கேக்குறாங்க" என்றேன். "இதோ வந்துட்டேன் குயா" என்று அவசரத்தில் மூடியை அங்கேயே திறந்து, எல்லாக் கிண்ணத்தையும் மடமடவென்று வைத்துவிட்டு ஓடினான். ஓடுவான் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டு அவன் வராமல் இருந்ததே இல்லை.

அவன் பாடிக்கொண்டிருந்தான். மேடம் சூப்பைக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கை தட்டினார். பிறகு ஒரு கை கழுத்துக்குப் போயிற்று. பாட்டில் உருகிவிட்டார் என்று நினைத்து மேஜையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நாற்காலியிலிருந்து சரிந்தபோது நான்தான் முதலில் ஓடினேன். யாருடைய காலும் தட்டிவிடக் கூடாதே என்று கைப்பையை எடுத்து என் அக்குளில் வைத்துக்கொண்டேன். கப்பல் டாக்டர் வந்தார், சின்னப் பெண். அர்னெல் பதறிப்போய், "டாக்டர், அவங்களுக்கு எறா ஒத்துக்காது, எறா ஒத்துக்காது" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெதுவாக, மரியாதையாகச் சொன்னேன்: "அவங்க சூப்ப நானே தனியா என் கையால எடுத்து வச்சேன் டாக்டர். அதுல சந்தேகமே வேணாம்." பக்கத்தில் இருந்தவர் ஒருவர், அந்த அம்மாவின் நெஞ்சுக்கு ஏற்கெனவே வைத்தியம் நடந்திருக்கிறது என்றார். டாக்டர் நெஞ்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் பொய் சொல்லவில்லை. என் கையால்தான் எடுத்து வைத்தேன்.

பத்தியச் சூப் இருந்த சின்னப் பாத்திரம் அப்படியே ததும்பிக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதில் நான் கரண்டியே வைக்கவில்லையே. யாராவது போய்ப் பார்த்தால் விளங்கிவிடும். கீழே சமையல்கட்டுக்கு இறங்கிப் போய் அதைத் தொட்டியில் கொட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். நன்றாகத் தேய்த்துத்தான் கழுவினேன், அவசரப்படவில்லை. கைப்பை அக்குளிலேயே இருந்தது. மேலே வந்தபோது அவர் முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

கைப்பையை டாக்டரிடம் நானே கொடுத்தேன். அவர் திறந்தார். ஊசியைக் கையில் எடுத்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

லோபோ எங்களையெல்லாம் நிற்க வைத்துக் கேட்டார். நான் எடுத்து வைத்தது சரியான சூப்தான், அதன் பிறகு மேஜையில் என்ன நடந்தது என்று தெரியாது என்றேன். அர்னெல் பெயரை நான் சொல்லவே இல்லை. தயவுசெய்து அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனாகத்தான் முன்னால் வந்தான். "மூடிய நான் மேடையிலயே தொறந்துட்டேன் சார். கிண்ணத்த மாத்தி வச்சிருப்பேன். குயா எத்தன தடவ சொல்லிக் குடுத்திருக்காரு. எம்மேலதான் தப்பு" என்றான். சொல்லிவிட்டு என் காலில் விழுந்தான். நான் அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். அவன் முதுகு நடுங்கியதை என் கை இன்னும் உணர்கிறது. அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. லோபோ என் தோளைத் தட்டி, "ஃபிதேல், அடுத்த வருஷமும் கீழ நீயே பாத்துக்கப்பா" என்றார்.

இன்று காலை பினாங்கில் அவனை இறக்கி உங்கள் மாலுமிகள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அனுமதி கேட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தேன். சாயங்காலம் போலீஸ் வருகிறார்கள். தன் கையால் ஓர் உயிர் போயிற்று என்று அவன் சொல்லப்போகிறான். இனி எந்தக் கப்பலிலும் அவனை ஏற்றமாட்டார்கள். சிறைக்கும் போகலாம். வரும் வழியில் டாக்சியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "குயா, நல்லா யோசிச்சுச் சொல்லு. நான்தான் மாத்தி வச்சனா? எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனே, "நானாத்தான் இருக்கும், விடு" என்றான்.

நீங்கள் சொல்வது புரிகிறது, ஃபாதர். எழுந்து அந்தக் கதவைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், அவன் அங்கேதான் இருக்கிறான், பாவமன்னிப்பு அதற்கு அப்புறம்தான். நியாயம்தான். நான் சொன்னதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பதற்காக நான் இங்கே வரவில்லை. அப்படி நினைக்காதீர்கள். நான் வெட்கங்கெட்டவன் இல்லை. வெட்கத்தில்தான் இந்த நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அவனை எனக்குத் தெரியும். அவனுக்கு அப்பா இல்லை. இந்த உலகத்தில் அவன் நம்புகிற ஆள் நான் ஒருவன்தான். தன் தப்பு என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு வருகிறது. அது என் தப்பு என்று தெரிந்தால் தாங்கமாட்டான். அவன் மனசு உடைந்துவிடக் கூடாதே என்றுதான், ஃபாதர், நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.