பொண்ணு வீட்டுப் பக்கம்

அட, ஷூவோடயே வாங்க தம்பி, பரவால்ல. அந்தப் பையை அப்படித் தள்ளி வெச்சுட்டு சோபாவுல உக்காருங்க. டெக்சாஸ்ல இருந்து எதுக்கு இத்தன தூரம் வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அதுக்கு வரேன். மொதல்ல காபி குடிங்க. வள்ளி, ஐசக் தம்பிக்கு சக்கரை கம்மியாப் போடு!

கல்யாண வீடு, இப்படித்தான் கெடக்கும். என் பையன் ரஞ்சித்துக்கு அடுத்த மாசம். பொண்ணு பேரு நோவா. யூதப் பொண்ணுங்க. அப்பா இங்கத்தவரு, அம்மா இஸ்ரேல்காரங்க. தங்கமான குடும்பம். ஆமாங்க, நம்ம ஐயரும் உண்டு, அவங்க பூசாரியும் உண்டு. தாலியும் கட்டறான், அவங்க மொறப்படி கண்ணாடி டம்ளரையும் மிதிச்சு ஒடைக்கறான். அதுல ஒரு தகராறும் இல்ல.

தகராறு சமீரால வந்துச்சு. ரஞ்சித்தோட காலேஜ் ரூம்மேட்டுங்க, பாலஸ்தீனப் பையன். இப்ப இங்க பக்கத்துல பேட்டர்சன்ல இருக்கான், அம்மா மட்டும் அங்க பாலஸ்தீனத்துல, ரமல்லாவுல. மாப்பிள்ளைத் தோழனா சமீர்தான் நிக்கோணும்னு ரஞ்சித் ஒத்தக் கால்ல நிக்கறான். கரெக்டா அப்பப் பாத்து அங்க கலவரம் ஆரம்பிச்சுருச்சு. நீங்களும் டிவில பாத்திருப்பீங்களே.

நோவாவோட தாய்மாமன் எஸ்ரா, இஸ்ரேல்ல இருந்து கல்யாணத்துக்கு வந்து எறங்கியிருந்தாரு. விஷயத்தைக் கேட்டதும் கொதிச்சுப்போட்டாரு. என் பையன் அங்க செக்போஸ்ட்ல துப்பாக்கியோட நிக்கறான், உசுரோட வருவானான்னு தெரியாது, நான் இங்க அவங்க ஆளு பக்கத்துல நின்னு போட்டோவுக்குச் சிரிக்கோணுமா, அவன் மேடை ஏறினா நான் ஹாலுக்கே வர மாட்டேன்னுட்டாரு.

சமீரு? அவனும் சும்மா இல்லீங்க. ஒரு ஓரமா வந்து இருந்துட்டுப் போ கண்ணுன்னு நான்தான் சொல்லிப் பாத்தேன். அங்கிள், எங்கம்மா ஊரடங்குல வீட்டுக்குள்ள கெடக்கறாங்க, போன் லைன் கெடைக்கல, அந்த செக்போஸ்ட்ல நானும் நின்னிருக்கேன், கை ரெண்டையும் தூக்கிட்டு. என்னைக் கூப்பிட்டா முழுசாக் கூப்பிடுங்க, இல்லீன்னா விட்டுருங்கன்னான்.

ரெண்டு பேரு சொல்றதும் நியாயம். ஆனா ரெண்டு நியாயத்தையும் ஒரே ஹால்ல உக்கார வெக்கோணுமில்லீங்க? ஜூலை மாசம் இந்த நாட்டு ஜனாதிபதியே அவங்க ரெண்டு பக்கத்துத் தலைவருங்களையும் காட்டு பங்களாவுல உக்கார வெச்சுப் பேசியே ஒண்ணும் ஆகல. இந்த வெள்ளியங்கிரி எந்த மூலைக்கு? இருந்தாலும் விடலீங்க. டீனெக்ல பொண்ணு வீட்டுக்குப் போயி எஸ்ராகிட்டப் பேசுவேன், அங்கிருந்து பேட்டர்சன் போவேன். அவரு சொன்னதுல பாதியை ரோட்டுலயே கொட்டிப்போட்டு மீதியத்தான் இவன்கிட்டக் குடுப்பேன். திரும்பறப்பவும் அதே மாதிரி. என்ன சிரிக்கறீங்க? அதுக்குப் பேருதானுங்க டிப்ளமஸி.

ஒரு நாள் எஸ்ராகிட்டக் கேட்டே போட்டேன். ஏனுங்க, நம்ம புள்ளைக மேல பாசம் வெச்சு வாரேங்கறவனை வராதேன்னு சொல்ல நம்ம யாருங்க? பொறப்பு அவன் தப்பான்னேன். இங்கிலீஷ்லதான் சொன்னேன். மனுசன் தலையைக் குனிஞ்சுட்டாரு. சரி, உங்க வீட்டுல வெச்சு ஒருக்கா பாக்கறேன்னாரு.

நீங்க உக்காந்திருக்கற இதே சோபா. அந்தக் கடைசில அவரு, இந்தக் கடைசில சமீர். எங்க வீட்டுக்காரி வள்ளி சுட்ட பணியாரத்தை ரெண்டு பேரும் தட்டைப் பாத்தே திங்கறாங்க. அப்ப போன் அடிச்சுது. சமீரோட அம்மா! ரஞ்சித் நம்ம நம்பரைக் குடுத்து வெச்சிருக்கான், அன்னிக்குத்தான் லைன் கெடைச்சிருக்கு. பையன் யம்மா யம்மாங்கறான், அதுக்கு மேல பேச்சு வரல, ரிசீவரைப் புடிச்சுட்டு அழுவறான். எஸ்ரா எந்திரிச்சாரு. ரிசீவரை வாங்கி, அந்தம்மாகிட்ட அரபில பேச ஆரம்பிச்சுட்டாரு! பாக்தாத்ல பொறந்தவராமா. யூதருங்கன்னு சின்ன வயசுலயே குடும்பத்தோட தொரத்தி விட்டுட்டாங்களாமா. உங்க பையன் நல்லா இருக்கான், என் பக்கத்துலதான் இருக்கான்னு சொன்னாராம். போனைத் திரும்பி வாங்கறான் சமீர், யாருடா அந்த ஈராக்குக்காரரு, மரியாதையாப் பேசறாருன்னு அம்மா கேக்கறாங்களாம். அழுதுட்டே சிரிச்சான்.

அவ்வளவுதானுங்க. சமீர் மேடைல நிக்கறான், எஸ்ரா மொத வரிசைல உக்கார்றாரு. அரசியல் பேசறதில்லன்னு ஒப்பந்தம். நோவாவோட அப்பா என்னைக் கட்டிப் புடிச்சுட்டாரு, உங்களை ஐ.நா. சபைக்கே அனுப்பலாம்னு.

வள்ளி, கதவோரம் எதுக்கு நிக்கற? உள்ள போ.

சரிங்க, எங்க பொண்ணு ரோஷினி விஷயத்துக்கு வரேன். அண்ணன் கல்யாணத்தைப் பாக்கோணும்னு ஆசைப்படறா, அவ கட்டிக்கிட்ட மாரிசாமியும் கூட வருவாருன்னு சொல்றீங்க. உங்க சிநேகிதர் நல்லவருதான் தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க ஊரு கோபில இருந்து பங்காளிக வாராங்களே. நோவாவை ஏத்துக்குவாங்களான்னா? அதுக்கென்னங்க, வெள்ளக்காரப் புள்ள. அது என்ன ஆளுகன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மாரிசாமின்னா கேப்பாங்க.

வர வேண்டாம்னு சொல்லலீங்க. அவ மட்டும் வரட்டும். பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு சேர் போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். அவ ஆஸ்திரேலியாவுல படிக்கறதா ஊர்ல சொல்லி வெச்சிருக்கோம். சின்னப் புள்ளையாப் பாத்ததுதான், அவங்களுக்கு மொகம் தெரியாது. யாராச்சும் கேட்டா நோவாவோட ஃப்ரெண்டுன்னு சொல்லட்டும், இங்கிலீஷ்ல. கஷ்டமிருக்காதுங்க, எங்ககிட்டயே அவ இங்கிலீஷ்லதான் பேசுவா. அழுவறப்ப மட்டுந்தான் தமிழ் வரும். அதனால, தாலி கட்டறப்ப அழாம இருக்கச் சொல்லுங்க தம்பி.