விளிம்பு தாண்டாத கயிறு

கயிறு எத்தனை முழம் என்று மறுபடியும் கேட்கிறீர்கள், சார். எனக்குச் சரியாக நினைவில்லை. அளந்துதான் வெட்டினேன். பிறகு மனதுக்குள் பலமுறை வெட்டிப் பார்த்ததில் அளவு குழம்பிவிட்டது. மற்றவர்களின் கயிறும் என் மருமகனுடைய கயிறும் உங்கள் மேசைமேலேயே இருக்கின்றன. பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

போன வருஷம் தெப்பத்திலிருந்து மேளக்காரர் ஒருவர் குளத்தில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். இந்த வருஷம் யாரும் விழக்கூடாது என்று விழாத் தலைவர் பச்சையப்பன் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். சாயப்பட்டறையை மருமகன் சந்தோஷிடம் விட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன்.

வேலையை நன்றாகவே செய்தேன். ஏறுகிறவர்கள் எல்லோர் இடுப்பிலும் நைலான் கயிறு. மறுமுனை தெப்பத்தின் நடுக்கம்பத்தில். கயிறு விளிம்பைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் தடுக்கினாலும் ஆள் பலகையிலேயே விழுவான். நீளமாக விட்டால் தண்ணீரில் விழுவான். கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள் அல்லவா, தெப்பம் அவனைத் தனக்கு அடியில் கொண்டுபோய்விடும். கயிறே இல்லாதவனாவது நீந்திப் போகலாம். இதை எல்லோருக்கும் நானே விளக்கினேன். யாராவது விழுந்தால் வடம் இழுப்பதை நிறுத்த ஒரு விசில் வேண்டும் என்றேன். அதை என் கழுத்திலேயே மாட்டினார்கள்.

என் மகள் மதிவதனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் உடம்பில் எங்காவது நீலம் இருந்தது. ஒருமுறை மணிக்கட்டில். ஒருமுறை முழங்கைக்கு மேலே. தெப்பத்துக்கு முந்தின நாள் கழுத்தோரம்.

"சாயம்ப்பா. அவரு புதுசா ஒரு கலரு வாங்கிகினு வந்துருக்காரு. ஜல்தில போவ மாட்டேங்குது" என்றாள்.

ஆயுசு முழுக்கப் பட்டுக்குச் சாயம் போட்டவனிடம் சொல்லக்கூடிய பொய்யா அது? எது சாயம், எது ரத்தம் கட்டியது என்று எனக்குத் தெரியாதா? நான் போட்ட சாயம் யார் தோலிலும் அப்படி ஒட்டியதில்லை. சந்தோஷ் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். அதையும் கவனித்து வைத்திருந்தேன்.

தெப்பத்தின் பின்மூலையில் நின்று கோல் ஊன்றுவது அவன் வேலை. கோல் சேற்றில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். அவனுக்கு நானே கயிறு கட்டினேன். முடிச்சை முதுகுப் பக்கம் போட்டேன்.

"இன்னா மாமா, மாட்டைக் கட்ற மாதிரி கட்றீங்க" என்று சிரித்தான். பிறகு கயிற்றைப் பார்த்தான். "எனக்கு மட்டும் தாராளமா வுட்டுருக்கீங்க?"

"கோல் போடறவன் நடந்துகினு இருக்கணும் இல்ல" என்றேன்.

நான் யாரையும் தள்ளவில்லை, சார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். இரண்டாவது சுற்றில் கோல் மாட்டியது. அவன் அதை விடவில்லை. மேளமும் வாணமும் ஒன்றாய்க் கேட்டுக்கொண்டிருந்தன, அதனால் யாரும் திரும்பவில்லை. நான் பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது. ஊதினேன். தெப்பம் வடகரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஊதினேன்.

மறுநாள் அவனை எரித்தோம். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. பச்சையப்பன் தலைவர் பொறுப்பை விட்டுவிட்டார். என் மனைவி ஸ்வர்ணலதா மகளைக் கூட்டிக்கொண்டு படவேட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மதிவதனி யாரிடமும் பேசுவதில்லையாம். தெப்பத்தில் இருந்த மற்ற எல்லோரும் நலம். நான் இங்கே இருக்கிறேன்.

மகள் கழுத்தில் இப்போது நீலம் இல்லை. அடிபட்ட இடம் நாளானால் ஆறிவிடும், அவ்வளவுதான். எரித்துவிட்டு வந்த அன்று கிணற்றடியில் அவளுக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினார்கள். பெண்கள் உள்ளே போனதும், சிமெண்டுத் தரையில் தேங்கியிருந்த நீலத் தண்ணீரை நான்தான் துடைப்பத்தால் தள்ளிவிட்டேன், வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால்.