எட்டு அட்டை முட்டை

முட்டையை அடுக்கும்போது கூர்முனை கீழே இருக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. அகன்ற பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் முட்டை நன்றாக இருக்கும். நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இதைக் கற்றுக்கொண்டு விடுவோம். நீங்கள் வெளியூர், பல்கலைக்கழகத்துக்கு வந்தும் ஆறு மாதம்தான் ஆகிறது என்பதால் சொல்லி வைக்கிறேன், கண்ணாத்தாள் அம்மா.

நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள். விசாரணைக் குழுத் தலைவர் கேட்டால் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் கதை சொல்லிப் பழகியவள். சுருக்கிச் சொன்னால் கேட்பவருக்கு வயிறு நிறையாது. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி வைத்துக்கொண்டு படியுங்கள். ஆறிப்போனால் சூடு பண்ணிக்கொள்ளலாம், நான் எங்கும் போய்விட மாட்டேன்.

என் பெயர் நித்யஸ்ரீ. முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. இளங்கலையும் இங்கேதான் படித்தேன். கதை கேட்போர் மன்றத்தின் தலைவி. செயலாளரும் நான்தான். மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள். அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். மூன்று ஆண்டுகளாக ஒரே கதைதான் நடக்கிறது. ஒரு புளியமரமும் அதற்கு உரிமை கொண்டாடும் பதினான்கு பங்காளிகளும். இப்போதுதான் எட்டாம் பங்காளிக்கு வந்திருக்கிறேன். எங்களுக்கென்று முதல் மாடியில் ஓர் அறை உண்டு. காற்றாடி நன்றாகச் சுற்றும். கதை தொடங்கியதும் கதவை மட்டும் உள்ளே தாழ் போட்டுவிடுவேன். வெளிச்சத்தம் கதையைக் கெடுக்கும்.

அந்த அறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். எனக்கு அறை மீது ஆசை இல்லை. அந்த ஏழு பேரை நினைத்துத்தான் கவலை. ஒன்பதாம் பங்காளிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனால், பிற்பாடு எங்கே போய்க் கேட்பார்கள்?

எங்கள் வாக்கெடுப்பு முறை உங்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். மன்றங்களுக்கான நிதியை எப்படிப் பங்கிடுவது என்று மாணவர் பேரவை முதலில் வாக்குச்சீட்டுத்தான் கேட்டது. நிறுவனர் சுப்பையன் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இருநூறு கோழியில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் வந்து நின்றவர். "காயிதத்துல குத்தறதுக்கு என்னங்க செலவு? தான் திங்கற முட்டைய உட்டுக்குடுத்துப் போடட்டும். அப்பத்தான் ஆசை எம்புட்டுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பங்குனி முதல் புதன்கிழமை விடுதியில் அவித்த முட்டை கிடையாது. ஆளுக்கொரு பச்சை முட்டை, ஊதா முத்திரை வைத்துக் கையில் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய்ப் பிடித்த மன்றத்தின் மேசையில் இருக்கும் அட்டையில் வைக்க வேண்டும். ஓர் அட்டைக்கு முப்பது. எத்தனை அட்டையோ அதற்கேற்ற நிதி. ஐந்து அட்டைக்குக் கீழே போனால் மன்றம் கலைக்கப்படும், அறையும் போய்விடும். எண்ணி முடித்ததும் சாயங்காலமே முட்டைகளை அவித்துச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு எனக்கு ஒன்பது முட்டை விழுந்தது. சின்ன மன்றம் என்று மன்னித்து விட்டார்கள். இந்த ஆண்டு மன்னிப்பு இல்லை என்று பேரவைத் தலைவர் தமிழரசு முன்கூட்டியே சொல்லிவிட்டான். அறையைக் கனிஷ்காவின் நடன மன்றம் கேட்டிருந்தது. கனிஷ்கா என் விடுதி அறைத்தோழி, பேரவையிலும் பொறுப்பில் இருப்பவள். அன்பான பெண். "நீ சொல்றதுக்கு ரூம் எதுக்கு நித்யா? வேப்பமரத்தடி போதாதா? புளியமரக் கதைக்கு அது பொருத்தமா இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

முட்டைக்கு முத்திரை வைக்கும் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக என்னுடையது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய வேலை என்பதால் வேறு யாரும் முன்வரவில்லை. 'நித்யஸ்ரீ கையில் இருந்தால் பயமில்லை' என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தாய்மாமன் அறிவழகன் எருமப்பட்டிப் பக்கம் தாய்க்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கடைக்குப் போகும் முட்டை அங்கே கிடையாது. சேவலும் கோழியும் சேர்ந்து வளரும். முட்டை நேராகக் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும். ஆய்வுக்கூடத்துக்கு எட்டு அட்டை வேண்டும் என்று கேட்டேன். "எடுத்துக்க சாமி. சூடு படற எடத்துல மட்டும் வெச்சுப்போடாத, அப்பறம் உன்ற ஆய்வு கீச்கீச்சுனு நடக்கும்" என்றார். நான் கவலைப்படவில்லை. சாயங்காலம் அவியப்போகிற முட்டைக்கு அப்பா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

முட்டையோடு போகிறவரை எங்கள் ஊரில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. உணவுக்கூடத்துக்கு வந்த வண்டியிலேயே என் எட்டு அட்டைகளும் பட்டப்பகலில் வந்து இறங்கின. இருநூற்று நாற்பது முட்டைகளுக்கும் முத்திரை வைத்தேன். மேசைகளுக்குக் காலி அட்டை கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். அன்று சில அட்டைகள் காலியாக இல்லை.

ஆறு அட்டைகளை என் மன்றத்தின் மேசையில் வைத்தேன். மீதி இரண்டைக் கனிஷ்காவின் மேசையில் வைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. சுயநலக்காரி என்றால் எட்டையும் தனக்கே வைத்துக்கொண்டிருப்பாள்.

எண்ணும்போதுதான் வம்பு வந்தது. சமையல் பொறுப்பாளர் ராமாத்தாள் அக்கா கொடுத்தது முப்பத்தெட்டு அட்டை. மேசைகளில் இருந்தது நாற்பத்தாறு. "நான் குடுத்த முட்டை குட்டி போட்டுருச்சாட்டங்குது" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நூற்று எண்பத்தேழு. தமிழரசு என் மேசையைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குப் பாவப்பட்டுப் போட்டிருப்பாங்கப்பா, அத உடுங்க" என்றான். அந்த ஒரு சொல்லில் நான் தப்பித்தேன். அந்த ஒரு சொல்லுக்காக அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு எல்லோரும் கனிஷ்காவின் பதின்மூன்று அட்டைகளைப் பார்த்தார்கள். அப்போது நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். அவள் அப்பா முட்டை மொத்த வியாபாரம் செய்கிறார் என்று. அது பொய் இல்லை. ஊருக்கே தெரிந்தது. விசாரணை முடியும் வரை அவளைப் பேரவையிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஆண்டு விழாவில் ஆடக்கூடாது என்றார்கள். ஆறு மாதமாகப் பழகிய ஆட்டம் அது. அறைக்கு வந்து என் மடியில் படுத்து அழுதாள். மனம் ஆறட்டும் என்று புளியமரத்துக் கதையை முதலிலிருந்து தொடங்கினேன். உடனே அழுகையை நிறுத்திக்கொண்டாள். எழுந்து குளிக்கப் போய்விட்டாள். ஆக, என்னால் முடிந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன்.

"விசாரணை முடியற மட்டும் ஒத்த முட்டை நகரக்கூடாது" என்று சுப்பையன் ஐயா உத்தரவு போட்டார். நாற்பத்தாறு அட்டைகளையும் உணவுக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் தகரக் கூரை அறையில் வைத்துப் பூட்டி அரக்கு வைத்தீர்கள். அந்த அறையின் மறுபக்கம் இட்லி வேகும் கொதிகலன் இருக்கிறது. உள்ளே எப்போதும் இளஞ்சூடும் நீராவியும். வெளியே பங்குனி வெயில். குழுவிலிருக்கும் ஐந்து பேராசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும் பாடவேளையைத் தேடிப் பிடிக்க உங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் குழுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கதவுக்குக் காவல் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொன்னது நீங்கள்தான்.

தினமும் வகுப்பு முடிந்ததும் அந்தக் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். சும்மா உட்கார எனக்கு வராது. வாய்விட்டுக் கதை சொன்னேன். கேட்க ஆளில்லை என்று நிறுத்தினால் கதை புளித்துப்போகும், மாவைப் போல. பத்தொன்பது நாள் கதவுக்குச் சொன்னேன். கதவு நன்றாகவே கேட்டது.

இருபதாம் நாள், எட்டாம் பங்காளி வழக்கில் தோற்றுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கும் இடத்தில், உள்ளே யாரோ முனகினார்கள். மிகச் சரியான இடம். என் ஏழு உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்த இடத்தில் ஒருநாளும் முனகியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நாமக்கல் பிள்ளை. இருபத்தொரு நாள் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு குரல் கொடுக்கும் என்பதும் தெரியும். அப்போதே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கதை நல்ல இடத்தில் நின்றிருந்தது.

இருபத்திரண்டாம் நாள் காலை நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதி உங்களை மறுபடி வருத்த மாட்டேன். ஆயிரத்துச் சொச்சம் முட்டை பங்குனியில் கெட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தமிழரசு துளசிச் செடிப் பக்கமாக ஓடினான். சுப்பையன் ஐயா மட்டும் மூக்கைத் தொடவில்லை. தரையெல்லாம் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தார். ஊதா முத்திரை ஒட்டியிருந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

"கடைக்குப் போற முட்டை ஊமை முட்டைங்க. அதுக்குச் சேவலே தெரியாது. தலைகீழா நின்னாலும் பொரியாது. இது தாய்க்கோழிப் பண்ணை முட்டை. கூர்முனை கீழ வெச்சு அடுக்கியிருக்கறதப் பாருங்க. தொழில் தெரிஞ்ச கை" என்றார்.

எல்லோரும் கனிஷ்காவைப் பார்த்தார்கள். "ஐயா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றாள். யாரும் நம்பவில்லை. குஞ்சுகளும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் என் தோழி. அவளுக்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று, "கனிஷ்கா அப்படிப்பட்ட பெண் இல்லைங்க ஐயா" என்று தொடங்கினேன்.

அந்தக் குரலுக்கு அறை முழுவதும் ஒரு நொடி அடங்கியது. பிறகு தொண்ணூற்று மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் திரும்பின. வாசற்படியைத் தாண்டி விழுந்து எழுந்து என்னிடம் ஓடி வந்தன. நான் மூன்றடி நகர்ந்தேன்; அவையும் நகர்ந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவை என் செருப்பின் மேல் ஏறி நின்று, அடுத்தது என்ன என்பது போல அண்ணாந்து பார்த்தன.

"ஏஞ்சாமி, இதுகளுக்கு உன்னைய எப்படித் தெரியும்?" என்றார் ஐயா.

"கதை சொன்னேனுங்க" என்றேன்.

"இருபத்தொரு நாளுமா?"

"ஆமாங்க."

அவர் குஞ்சுகளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்.

ஆக, இருநூற்று நாற்பது கள்ள வாக்குகளையும் போட்டவள் நான்தான். கனிஷ்காவின் மேசையில் இரண்டு அட்டை வைத்ததும், பழி வந்தால் அது தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் பதவியையும் ஆட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அட்டை குறைந்தாலும் இருபத்தைந்து உறுப்பினர்கள் இருந்தால் மன்றம் நிலைக்கும் என்கிறது விதி நான்கு. அவர்கள் என்ன இனமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

முடிவு தெரியும் வரை குஞ்சுகளை மன்ற அறையிலேயே வைத்திருக்கிறேன். ராமாத்தாள் அக்கா குருணை கொடுத்தார். மஞ்சள் பல்பு ஒன்றும் மாட்டியிருக்கிறேன். நேற்றுக் கனிஷ்கா வந்தாள். என்னைத் திட்டவில்லை. குஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "ஏன்டி இப்படிப் பண்ணுன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு, கேக்கறேன்" என்றாள். மூன்று ஆண்டுகளில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோய்விட்டேன். புரிய வேண்டுமென்றால் அடியிலிருந்து சொல்ல வேண்டும் என்று புளியமரத்திலிருந்து தொடங்கினேன். இரண்டாம் பங்காளி வந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள்.

குஞ்சுகள் ஒன்றுகூட எழுந்து போகவில்லை, அம்மா. மனிதரைப் போல அவற்றுக்கு அவசரம் கிடையாது. கதையின் அருமை தெரிந்தவை. தாமாகவே விரும்பி உட்கார்ந்திருக்கின்றன. அவள் போனதும் கதவை மட்டும் தாழ் போட்டுவிட்டேன். வெளிச்சத்தம் கதையைக் கெடுக்கும்.